தெலுங்கு வீடு, தமிழ்த் தெரு, இங்கிலீஷ் பள்ளி: வசதியில்லாத பிள்ளைக்கு இருமொழிக் கல்வி எட்டுமா?

ராயக்கோட்டைப் பக்கமிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் லோடு வண்டி ஓட்டுகிறார், மனைவிக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். மகளுக்கு நாலு வயது முடிந்துவிட்டது, நர்சரிப் பள்ளியில் இங்கிலீஷ் மீடியம் எல்.கே.ஜி. போட்டு ஒரு வருடம் ஆகப்போகிறது. ரைம்ஸ் மடமடவென்று ஒப்பிக்கிறாள், ஆனால் அதிலிருக்கும் ஒரு வார்த்தையை எடுத்துக் கேட்டால் முழிக்கிறாள். மனைவியோடு வேலை பார்க்கும் இன்ஜினியர் வீட்டுப் பையன் ‘பைலிங்குவல் இம்மெர்ஷன்’ (புது மொழியிலேயே வகுப்பை நடத்தி இரண்டு மொழியும் கற்பிக்கும் முறை) என்று போர்டு போட்ட பள்ளியில் படித்து, இதே வயதில் இரண்டு மொழியும் பேசுகிறானாம். “அந்தப் படிப்பெல்லாம் வசதி இருக்கறவங்களுக்குத்தானா? கடன வாங்கியாவது அங்க சேத்துடலாமா? ரெண்டு வயசுப் பையன் இருக்கான், அவனையாவது 25 சதவீதத்துல சேக்க முடியுமா?” இதுதான் கேள்வி. (25 சதவீதம் என்று அவர் சொல்வது, கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் பின்தங்கிய, நலிவடைந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் இலவச இடங்களை.)

படித்த வீட்டுப் பிள்ளைக்குப் பலிக்கும் முறை என் பிள்ளைக்குப் பலிக்கவில்லையே, குறை பிள்ளையிடமா, எங்களிடமா என்ற கவலைதான் இதன் அடியில் இருப்பது. தொடக்கக் கல்வியிலும் ஆசிரியர் பயிற்சியிலும் இருப்பவன் என்ற முறையில் அழுத்திச் சொல்கிறேன்: குறை உங்கள் மகளிடம் இல்லை. அவளுக்குக் கிடைப்பது அந்தப் பையனுக்குக் கிடைக்கும் படிப்பே இல்லை. கடன் வாங்க வேண்டாம் என்பதே என் முடிவு, காரணத்தைச் சொல்கிறேன்.

இம்மெர்ஷன் என்ற முறை இன்றைய வடிவில் எங்கே தொடங்கியது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில், மான்ட்ரியலை ஒட்டிய செயின்ட் லாம்பர்ட் என்ற ஊரில், வீட்டில் ஆங்கிலம் பேசும் பெற்றோர் தங்கள் பிள்ளைகள் பிரெஞ்சும் நன்றாகக் கற்க வேண்டும் என்று பள்ளி வாரியத்தோடு மல்லுக்கட்டி 1965-ல் ஒரு மழலையர் வகுப்பைத் தொடங்கினார்கள். முதல் இரண்டு வருடம் வகுப்பு முழுக்கப் பிரெஞ்சில். இரண்டாம் வகுப்பில் ஆங்கிலம் ஒரு பாடமாக வந்தது, பிறகு படிப்படியாகக் கூடி ஆறாம் வகுப்பில் ஏறக்குறைய சரிபாதி ஆனது. மெக்கில் பல்கலைக்கழகத்தின் வாலஸ் லாம்பர்ட் குழுவினர் அந்தப் பிள்ளைகளை வருடா வருடம் சோதித்தார்கள். பிரெஞ்சைக் கேட்பதிலும் படிப்பதிலும் நன்றாகத் தேறினார்கள், ஆங்கிலமும் கெடவில்லை.

உலகம் முழுக்கப் பேசப்படுவது இந்த முடிவு மட்டும்தான். அதைச் சாத்தியமாக்கிய ஏற்பாடுகளை யாரும் பேசுவதில்லை. அங்கே ஆசிரியைக்குப் பிள்ளைகளின் வீட்டு மொழி தெரியும். பிள்ளை ஆங்கிலத்தில் “தண்ணி வேணும்” என்று கேட்டால் திட்டு விழாது, புரிந்துகொண்டு பிரெஞ்சில் பதில் வரும். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுமே பிரெஞ்சில் பூஜ்யத்திலிருந்து தொடங்கியவர்கள், அதனால் யாரும் பின்தங்கியவராகத் தெரியவில்லை. வீட்டு மொழிக்கு ஊரில் முழு மதிப்பு இருந்தது: கடை, டி.வி., புத்தகம், அப்பாவின் ஆபீஸ் எல்லாமே ஆங்கிலம். பள்ளி இரண்டு வருடம் கைவிட்டாலும் அந்த மொழி வாடாது. பெற்றோர் தாங்களே விரும்பிக் கேட்டு வாங்கியது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதை நம் பக்கத்து நர்சரி வகுப்போடு வைத்துப் பாருங்கள். டீச்சர் கரும்பலகையில் பூனைப் படத்தைக் காட்டி “திஸ் இஸ் எ கேட்” என்கிறார். முப்பது பிள்ளைகள் “திஸ் இஸ் எ கேட்” என்று கத்துகிறார்கள். டைரியில் அந்த வரியை நாலு கோடு நோட்டில் ஐந்து முறை எழுதச் சொல்லி ஹோம்வொர்க். மறுநாள் படத்தை மறைத்துவிட்டு, எழுதிய வரியில் ‘கேட்’ எது என்று கேட்டால், முதல் வார்த்தையில் விரல் வைக்கும் பிள்ளைகள்தான் அதிகம். வாய் ஒன்று சொல்கிறது, கண் வேறெங்கோ இருக்கிறது, பொருள் இரண்டிலும் இல்லை. டீச்சருக்கே இங்கிலீஷில் கதை சொல்லவோ, பிள்ளையிடம் சிரித்துப் பேசவோ வராது. அது அவர் குற்றமும் இல்லை. குறைந்த சம்பளத்துக்கு, அந்தப் பயிற்சியே கொடுக்காமல் அவரை வகுப்பில் நிறுத்தியிருக்கிறார்கள். மொழி வளர வேண்டிய இடத்தில் ஒப்பித்தல் மட்டும் வளர்கிறது. மொழியியலார் இதை இம்மெர்ஷன் கணக்கில் சேர்ப்பதே இல்லை. வீட்டு மொழியைக் கழற்றிவிட்டு, புரியாத மொழியில் பிள்ளையைத் தத்தளிக்க விடுவதை அவர்கள் தனியாகத்தான் வகைப்படுத்துகிறார்கள்.

அந்த இன்ஜினியர் வீட்டுப் பையனுக்கு என்ன நடக்கிறது? பள்ளி அவனுக்குக் கொடுப்பது பாதிதான். மீதிப் பாதி வீட்டில் நடக்கிறது. டைரியில் எழுதியிருப்பதை அம்மா படித்துவிடுகிறார். ராத்திரி படக்கதைப் புத்தகம் வாசிக்கிறார்கள். அவன் பார்க்கும் கார்ட்டூன், மாமா வீட்டில் பேச்சு, அப்பாவின் போன் கால் எல்லாவற்றிலும் இங்கிலீஷ் பொருளோடு வருகிறது. உங்கள் வீட்டில் அதே டைரி வந்தால் டியூஷன் வைக்க வேண்டியிருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் தர்மபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.5 சதவீதம், தமிழ்நாட்டிலேயே கடைசி. கிருஷ்ணகிரி 71.5. மாநில சராசரி 80.1. பிள்ளையின் டைரியைப் படிக்க முடியாத பெற்றோர் இங்கே விதிவிலக்கு இல்லை. அவர்களை நினைத்துப் பார்க்காமல்தான் நாலு வயதுப் பிள்ளைக்கு இங்கிலீஷில் ஹோம்வொர்க் எழுதி அனுப்புகிறார்கள். சித்தேரி, அஞ்செட்டி மலை ஊர்களிலும், சூளை வேலைக்கும் கட்டட வேலைக்கும் பெங்களூர் போய்வரும் வீடுகளிலும் நிலைமை இன்னும் மோசம்.

இது நம் ஊர்ச் சிக்கல் மட்டுமில்லை. அரசுப் பள்ளியில் இலவசமாக இம்மெர்ஷன் கிடைக்கும் கனடாவிலேயே, அந்நாட்டுப் புள்ளியியல் துறை 15 வயது மாணவர்களை வைத்து 2004-ல் வெளியிட்ட அறிக்கையில், பிரெஞ்சு இம்மெர்ஷனில் இருப்பவர்கள் சராசரியாக வசதி கூடிய, படித்த பெற்றோரின் பிள்ளைகளாகவே இருந்தார்கள். ஃபீஸ் இல்லாவிட்டாலும் தகவல், போக்குவரத்து, சீக்கிரம் பதிவு செய்வது, “என் பிள்ளை தாங்குவான்” என்ற தைரியம் எல்லாம் வசதியான வீட்டுக்கே முதலில் வந்து சேர்கின்றன. தடுமாறும் பிள்ளையை வழக்கமான வகுப்புக்கு மாற்றச் சொல்வதும் அங்கே நடக்கிறது. ஆனால் இன்னொன்றும் அங்கே உறுதிப்பட்டிருக்கிறது, இதை நீங்கள் மனதில் வைக்க வேண்டும். குறைந்த வருமான வீட்டுப் பிள்ளைகளை இம்மெர்ஷனில் சேர்த்து, அதே பின்னணியோடு வழக்கமான வகுப்பில் படித்தவர்களோடு ஒப்பிட்டபோது இவர்கள் பின்தங்கவில்லை. ஏற்பாடு சரியாக இருந்தால் ஏழைப் பிள்ளையும் இரண்டு மொழி கற்கும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சந்தேகம் உள்ளவற்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பள்ளி விளம்பரங்கள் பெரும்பாலும் இவற்றின் மேல்தான் நிற்கின்றன. ‘மூணு வயசுல ஆரம்பிக்காட்டி மொழி வராது’ என்பது பள்ளிச் சூழலுக்குப் பொருந்துவதாகத் தெரியவில்லை. நாள் முழுக்க அந்த மொழி காதில் விழும் நாட்டில் குடியேறிய பிள்ளைக்கு இளவயது ஒரு பலம், முக்கியமாக உச்சரிப்பில். வாரத்தில் சில மணி நேரம் பாடமாகக் கற்கும் இடத்தில் அப்படி இல்லை. ஸ்பெயினின் பார்சிலோனாவில் நடந்த நீண்ட ஆய்வில், அதே அளவு பாட நேரத்தில் பிந்தித் தொடங்கியவர்களே வேகமாகக் கற்றார்கள். இருமொழி கற்றால் மூளைக் கூர்மை கூடும் என்பது ஆய்வாளர்களுக்குள்ளேயே தீராத வாக்குவாதம், அதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். தனியார் பள்ளியால் எவ்வளவு லாபம் என்பதற்கு நமக்கு நெருக்கமான ஒரு சோதனை உண்டு. பக்கத்து ஆந்திராவில் 2008-ல் 180 கிராமங்களில் தொடங்கியது. குலுக்கல் முறையில் சில பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளிக் கட்டணம் கொடுத்து நாலு வருடம் பார்த்தார்கள். குலுக்கல் என்பதால் வீட்டுப் பின்னணியின் பங்கு விலகிவிடுகிறது. முடிவில் தெலுங்கிலும் கணக்கிலும் இரு தரப்பும் சமமாகத்தான் நின்றன. தனியார் பள்ளிக்குப் போனவர்களுக்குள் பார்த்தாலும், இங்கிலீஷ் மீடியத்துக்குப் போனவர்களைவிடத் தெலுங்கு மீடியத்துக்குப் போனவர்களுக்கே பலன் கூடுதலாக இருந்தது போலத் தெரிகிறது. இந்தக் கடைசி வரியை மட்டும் ‘போலத் தெரிகிறது’ என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எந்த மீடியத்துக்குப் போவது என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கவில்லை.

இன்னொரு கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். புது மொழியில் சாதாரணமாகப் பேசிப் பழகவே ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகும், அதுவும் அந்த மொழி சுற்றிலும் புழங்கும் இடத்தில். பாடத்தைப் புரிந்துகொண்டு படிக்க, எழுத ஐந்து முதல் ஏழு வருடம். கனடாவில் குடியேறிய பிள்ளைகளை வைத்து இருமொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் சொன்னது இது. எல்.கே.ஜி. முடிவில் உங்கள் மகள் இங்கிலீஷ் பேசவில்லை என்பது அதனால் தோல்வியே இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. தெலுங்கில் இன்று பள்ளியில் நடந்ததை முன்னுக்குப் பின் முரணில்லாமல் சொல்கிறாளா? “ஏன் அழுதான்?” என்றால் காரணம் சொல்கிறாளா? மூன்று வேலைகளைச் சேர்த்துச் சொன்னால் (செருப்பைக் கழட்டு, கை கழுவு, தட்டை எடுத்துக்கிட்டு வா) வரிசையாகச் செய்கிறாளா? இவை வந்தால் மொழிக்கான அடித்தளம் சரியாக இருக்கிறது. தெலுங்கிலும் பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் மட்டும் மீடியம் பேச்சை ஒதுக்கிவிட்டு, மாவட்டத்தில் அரசு மருத்துவமனையோடு இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் காது கேட்பதைச் சோதியுங்கள். பிள்ளையைப் பார்க்காமல் அதற்கு மேல் யாரும் சொல்லக் கூடாது.

வீட்டில் தெலுங்கை நிறுத்தச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உங்களுக்குச் சரியாக வராத இங்கிலீஷில் பேசப் போனால் பேச்சு “ஈட், ஸ்லீப், கம்” என்று மூன்று வார்த்தையில் நின்றுவிடும். தெலுங்கில் பாட்டி சொல்லும் ஒரு கதையில் நூற்றுக்கணக்கான வார்த்தைகள், காரண காரியம், பயம், சிரிப்பு எல்லாம் வரும், அதைத்தான் அவள் பிறகு தமிழுக்கும் இங்கிலீஷுக்கும் கொண்டுபோவாள். எழுத்துக்கு மட்டும் முதலில் ஒரே மொழியை வையுங்கள். தெருவில் தமிழ் பேசிப் பழகிவிட்டாள், பஸ் போர்டிலும் கடைப் பலகையிலும் தமிழ் இருக்கிறது, 2006 சட்டப்படி பள்ளியில் தமிழ் கட்டாயப் பாடமும்கூட. அதனால் உங்கள் வீட்டுக்குத் தமிழ் எழுத்து முதலில் என்பேன். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கு, கன்னட மீடியப் பள்ளி நடந்து போகும் தூரத்தில் இருந்து, அங்கே ஆசிரியரும் நிரந்தரமாக இருக்கிறார் என்றால் அதுவும் நல்ல வழியே.

தினம் அரை மணி நேரம் போதும், ஆனால் விடாமல் நடக்க வேண்டும். மனைவிக்கு நைட் ஷிஃப்ட் வாரம் என்றால் நீங்களோ பாட்டியோ செய்யலாம். முதல் பத்து நிமிடம் தெலுங்கில் கதை, நடுநடுவே “அப்புறம் என்ன ஆகும்?” என்று நிறுத்தி அவளைச் சொல்லவிடுங்கள். பிரதம் புக்ஸ் நடத்தும் ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் படக்கதைகள் இலவசம், பல கதைகள் தெலுங்கு, தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் உண்டு. வைஃபை கிடைக்கும்போது இறக்கிக்கொண்டால் டேட்டா தீராது. ஒரே கதையை முதல் வாரம் தெலுங்கில், அடுத்த வாரம் தமிழில், மூன்றாவது வாரம் இங்கிலீஷில் கேட்டால் பொருள் ஏற்கெனவே தெரிந்திருப்பதால் மொழி ஒட்டும்.

அடுத்த பத்து நிமிடம் இங்கிலீஷ், வேலை செய்தபடி. ஒரு வாரத்துக்கு ஐந்தாறு கட்டளை போதும்: ‘கிவ் மீ த கப்’, ‘ஓபன் த டோர்’, ‘புட் இட் ஹியர்’ மாதிரி. முதல் வாரம் அவள் வாயைத் திறக்கவே வேண்டாம், செய்தால் போதும். வரிசையை மாற்றி, கப்புக்குப் பதில் ஸ்பூன் என்று பொருளை மாற்றிச் சொல்லியும் சரியாகச் செய்கிறாள் என்றால் புரிந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு அவள் கட்டளை போடட்டும், நீங்கள் செய்யுங்கள். பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும், பேச்சும் இங்கேதான் தானாக வரும். இதில் கெடுவது ஒரே இடத்தில்தான்: இரண்டாம் நாளே “சொல்லு, சொல்லு” என்று வற்புறுத்துவது.

கடைசிப் பத்து நிமிடம் எழுத்து. தமிழில் அவள் பெயர், பிறகு படம், மரம், பட்டம் போன்ற சின்னச் சொற்கள். முழு நெடுங்கணக்கையும் மனப்பாடம் செய்யக் காத்திருக்க வேண்டாம், நாலைந்து எழுத்து வந்தவுடனே அவற்றால் ஆன சொல்லைப் படிக்க வையுங்கள். தமிழ்ச் சொற்களைத் தானே கூட்டிப் படிக்கத் தொடங்கிய பிறகு இங்கிலீஷ் எழுத்து. அப்போதும் ஏ முதல் இசட் வரை வரிசையாகப் போகாமல் எஸ், ஏ, டி, பி, ஐ, என் (s, a, t, p, i, n) என்ற ஆறு எழுத்தில் தொடங்குங்கள். அந்த ஆறில் சாட், பின், டாப், நாப், டின் (sat, pin, tap, nap, tin) எல்லாம் எழுதலாம். எழுத்தின் பெயரைச் சொல்லாமல் ஒலியைச் சொல்லிக்கொடுங்கள். ‘எஸ்-ஏ-டி’ என்று பெயரைக் கூட்டினால் ‘சாட்’ வராது, பாதிப் பிள்ளைகள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். கோட்டு நோட்டு எழுத்து ஐந்து வயதுக்குப் பிறகு போதும், அதுவரை மண், மாவு, சாக்பீஸ்.

பள்ளியை மாற்றலாமா என்றால், போர்டைப் பார்த்து மாற்ற வேண்டாம். எந்தப் பள்ளியானாலும் ஒரு காலை நேரம் எல்.கே.ஜி. வகுப்பு வாசலில் நிற்க அனுமதி கேளுங்கள். டீச்சர் பிள்ளையிடம் பேசுகிறாரா, பிள்ளைகளை ஒப்பிக்க மட்டும் வைக்கிறாரா என்பது கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். தெலுங்கிலோ தமிழிலோ பேசினால் ஃபைன் உண்டா, டீச்சருக்குப் பிள்ளையின் வீட்டு மொழி புரியுமா, தமிழ் வாசிப்பு எப்போது தொடங்குகிறது, போன வருடம் இருந்த டீச்சர் இந்த வருடம் இருக்கிறாரா என்று கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் அங்கே எவ்வளவு பணம் கட்டினாலும் இம்மெர்ஷன் நடக்கப் போவதில்லை. தனியார் பள்ளிக் கட்டணத்தைத் தமிழ்நாட்டின் 2009 கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி அரசுக் குழு நிர்ணயிக்கிறது, அதற்கு மேல் கேட்டால் எந்தத் தலைப்பில் என்று ரசீதோடு கேட்கலாம்.

ஒன்றாம் வகுப்புக்கு அரசுப் பள்ளியையும் போய்ப் பாருங்கள். 2022 முதல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் வகுப்புப் பெயரைவிடப் பிள்ளையின் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கிறார்கள், நன்றாக நடத்தும் ஆசிரியர் இருந்தால் அது உங்கள் மகளுக்குப் பொருந்தும். காலை உணவும் உண்டு. அங்கேயும் இங்கிலீஷ் மீடியம் பிரிவு இருக்கலாம், ஆனால் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது சட்டக் கணக்கு, ஐந்து வகுப்பையும் இருவரே பார்க்கும் பள்ளியில் இரண்டு மீடியமும் ஒரே அறையில்தான் உட்காரும். மீடியம் தேர்வுக்குப் பின்விளைவுகளும் உண்டு. அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமைக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழி கட்டாயம். மருத்துவப் படிப்பின் 7.5 சதவீத ஒதுக்கீடும், கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததைப் பார்க்கும், எந்த மீடியமானாலும் சரி.

பையனுக்கு வருகிறேன். 25 சதவீத ஒதுக்கீடு நுழைவு வகுப்பில் மட்டும்தான். மகளைக் கட்டணம் கட்டி எல்.கே.ஜி.யில் சேர்த்துவிட்டதால் அவளை யு.கே.ஜி.யில் இதற்குள் கொண்டுவர முடியாது, ஒன்றாம் வகுப்பிலிருந்து தொடங்கும் தனியார் பள்ளி அருகில் இருந்தால் அங்கே முயலலாம். பையனுக்கு, சேரும் வருடம் ஜூலை 31-க்குள் மூன்று வயது முடிந்திருந்தால் எல்.கே.ஜி.க்கு விண்ணப்பிக்கலாம். வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில் இணையத்தில் திறப்பார்கள், ஆனால் 2025-ல் மத்திய அரசு நிதிச் சிக்கலில் அக்டோபருக்குத் தள்ளிப்போனது, அதனால் பத்திரிகையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. என்றால் சாதிச் சான்று போதும். ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் என்ற சான்று நலிவடைந்த பிரிவில் விண்ணப்பிப்பவர்களுக்குத்தான், இது தெரியாமலே பலர் விட்டுவிடுகிறார்கள். சிறுபான்மைத் தகுதி பெற்ற பள்ளிகளுக்கு இந்த ஒதுக்கீடு பொருந்தாது, மொழிச் சிறுபான்மைப் பள்ளிகளும் அதில் அடக்கம், ஓசூர்ப் பக்கம் விண்ணப்பிக்கும் முன் இதை விசாரியுங்கள். எட்டாம் வகுப்போடு இலவசம் முடிகிறது. வேன் கட்டணம் முதல் நாளிலிருந்தே உங்கள் செலவு. எட்டு வரை இப்படிப் படித்து ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தாலும் 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்குத் தகுதி உண்டு.

மனு தள்ளுபடியாவது பெரும்பாலும் காகிதத்தில்தான். வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், ஆனால் வாடகை வீட்டில் இருப்பவர்களின் ஆதாரில் சொந்த ஊர் முகவரி கிடக்கும். பிறப்புச் சான்றில் பிள்ளையின் பெயரே இருக்காது, அல்லது அப்பா பெயரின் எழுத்து ஆதாரோடு ஒத்துப்போகாது. பெயர் சேர்ப்பது, முகவரி மாற்றுவது, இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிச் சான்று வாங்குவது எல்லாவற்றையும் இந்த வருடமே முடித்து வையுங்கள். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மூன்று மேசை தாண்டி வர நாளாகும், விண்ணப்பம் திறந்த பிறகு ஓடினால் நேரம் போதாது.